ஸ்டெப்னி இல்லாத கார், மலைப்பாதையில் இறங்கிய காற்று: ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

ஆறு வருடம் ஓடிய கார் ஒன்றை ஒருவர் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். வீட்டுக்குக் கொண்டுவந்து டிக்கியின் அடித்தட்டைத் தூக்கியபோது, சக்கரம் இருக்க வேண்டிய குழியில் தெர்மோகோல் அச்சு ஒன்று இருந்தது. அதற்குள் சின்ன ஏர் பம்ப் ஒன்று, ஒரு பாட்டில் சீலன்ட் (டயருக்குள் ஊற்றி ஓட்டையை அடைக்கும் திரவம்), அவ்வளவுதான். ஸ்டெப்னி இல்லை, ஜாக்கி இல்லை, வீல் ஸ்பேனரும் இல்லை. யாரோ கழற்றி விற்றுவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். காரின் கையேட்டைப் படித்த பிறகுதான் தொழிற்சாலையிலிருந்தே அது அப்படி வந்தது தெரிந்தது.

இப்போது இது அதிசயமில்லை. ரிம்மோடு ஒரு முழு ஸ்டெப்னி பதினைந்து, இருபது கிலோ வரும். அந்த எடையைக் குறைத்தால் எரிபொருள் கொஞ்சம் மிச்சம், டிக்கியில் இடமும் மிச்சம். பேட்டரியோ கேஸ் சிலிண்டரோ பின்பக்கம் உட்கார்ந்திருக்கும் கார்களில் சக்கரம் வைக்கக் குழியே இருக்காது.

இந்த நிகழ்வில் வருகிறவர்கள் மூன்று பேர்: காரின் சொந்தக்காரர், அவருடைய அக்கா, கல்லூரியில் படிக்கும் அக்கா மகன். மூவரிடமும் தனித்தனியாகக் கேட்டும், கழற்றிய டயரைக் கையில் வாங்கிப் பார்த்தும் இதை எழுதுகிறேன்.

ஸ்டெப்னி இருந்தால் டயருக்கு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை. ஆணி குத்தியிருந்தாலும் சரி, கல் கிழித்திருந்தாலும் சரி, வால்வு ஒடிந்திருந்தாலும் சரி, வேலை ஒன்றுதான்: கழற்று, மாற்று. பம்பும் பாட்டிலும் மட்டும் இருந்தால் எல்லாமே ஓட்டை எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தது. பின்னால் நடந்த ஒவ்வொரு முடிவும் இதில்தான் வந்து நின்றது.

## பயணத்துக்கு முன் செய்தவை

நெடுந்தூரப் பயணம் ஒன்று முடிவானதும் மாமாவும் மருமகனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டியைப் பிரித்தார்கள். முதலில் கண்ணில் பட்டது சீலன்ட் பாட்டிலில் அச்சிட்டிருந்த தேதி. இந்தத் திரவம் பொதுவாக நாலைந்து வருடம்தான் தாங்கும். அதற்குப் பிறகு உள்ளேயே கெட்டியாகிவிடலாம். இது காலாவதியாகி வெகு நாளாகியிருந்தது. புதிய பாட்டில் வாங்கினார்கள்.

அடுத்து, பின் டயர் ஒன்றில் வேண்டுமென்றே காற்றை 20 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) வரை இறக்கிவிட்டு, பம்பை வைத்து ஏற்றிப் பார்த்தார்கள். இந்த ஒத்திகையில் மூன்று விஷயம் வெளிவந்தது. முன்னால் இருக்கும் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகினால் பம்பின் வயர் பின் சக்கரத்துக்கு எட்டவில்லை. டிக்கியில் இன்னொரு சாக்கெட் இருந்தது. ஆனால் அதன் ஃபியூஸ் போயிருந்தது. பம்பிலேயே இருக்கும் அளவுமானி, தனியாக வாங்கிய மானியைவிட 3 பிஎஸ்ஐ அதிகமாகக் காட்டியது. மூன்றுமே வீட்டு வாசலில் பத்து நிமிட வேலை. இருட்டில், சாலையோரத்தில் தெரியவந்திருந்தால் ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்தைத் தின்றிருக்கும். எஞ்சினை ஓடவிட்டுத்தான் பம்பைப் போட வேண்டும், தொடர்ந்து பத்து நிமிடத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்று பம்பின் அடியில் ஒட்டியிருந்த சீட்டும் அப்போதுதான் கண்ணில் பட்டது.

டியூப்லெஸ் பஞ்சர் கிட் ஒன்றும் வாங்கினார்கள்: அரம் போன்ற முறுக்குக் கம்பி, ஊசிக்காது வைத்த கம்பி, ஓட்டைக்குள் செருகி அடைக்கும் பசைத் திரிகள், ரப்பர் பசை. மருமகன் பழைய டயர் ஒன்றில் ஆணி அடித்துப் பிடுங்கித் திரி ஏற்றிப் பழகினார். டயருக்குள் ஓடும் எஃகு இழைகளைத் தாண்டி அரத்தை உள்ளே தள்ள எவ்வளவு பலம் வேண்டும் என்பது அந்தப் பழக்கத்தில்தான் பிடிபட்டதாம். காணொளியில் பார்த்தால் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இருக்கும். நிஜத்தில் உடம்பு எடை முழுவதையும் போட்டுத் தள்ள வேண்டும்.

ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு நட்டு திருட்டைத் தடுக்கும் வகை. அதற்குரிய தனிச் சாவி இல்லாமல் எந்தக் கடையிலும் சக்கரத்தைக் கழற்ற முடியாது. சர்வீஸ் புத்தகத்தின் உறைக்குள் அது கிடைத்தது. டிக்கிக்கு மாற்றி வைத்தார்கள். ஜாக்கி, ஸ்பேனர், தலையில் மாட்டும் விளக்கு, குறடு, கையுறை, எச்சரிக்கை முக்கோணம் ஆகியவையும் சேர்ந்தன.

ஸ்டெப்னி ஒன்று வாங்கலாமா என்ற பேச்சும் வந்தது. மூன்று பேரின் பெட்டிகள் போக டிக்கியில் இடம் போதாது என்று அது தள்ளிப்போனது. கையில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் பிழையான முடிவு என்று அதைச் சொல்ல மாட்டேன்.

## முதல் அறிகுறி

மலையிலிருந்து இறங்கும் பாதை. வெளிச்சம் மங்கத் தொடங்கிய நேரம். ஓட்டியவர் மாமா, பக்கத்தில் மருமகன், பின் இருக்கையின் இடதுபுறம் அக்கா. திரையில் நான்கு டயரின் அழுத்தத்தையும் காட்டும் பக்கத்தை மருமகன் திறந்து வைத்திருந்தார்.

“மாமா, பின்னாடி இடது வீல் மட்டும் 31 காட்டுது. மத்த மூணும் 36.”

“33தானேடா வைக்கணும்? 31ன்னா பரவாயில்ல.”

“அது டயர் ஆறியிருக்கும்போது மாமா. இப்ப எல்லாம் சூடா இருக்கு. மத்ததுல மூணு ஏறியிருக்கு, இதுல ரெண்டு குறைஞ்சிருக்கு.”

மருமகன் சொன்னதுதான் சரி. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள எண், டயர் குளிர்ந்திருக்கும்போது இருக்க வேண்டிய அளவு. ஓடிச் சூடேறிய டயரில் மூன்று, நான்கு பிஎஸ்ஐ கூடுவது இயல்பு. தனியாகப் பார்த்தால் 31 நல்ல எண்தான். மற்ற மூன்றோடு வைத்துப் பார்த்தால்தான் ஐந்து குறைவு என்று தெரிகிறது. எச்சரிக்கை விளக்கு எரியவே இல்லை. பல கார்களில் அது, இருக்க வேண்டிய அளவிலிருந்து கால்பங்கு குறைந்த பிறகுதான் எரியும். இந்தக் காரில் அது ஏறக்குறைய 25 பிஎஸ்ஐ. விளக்குக்காகக் காத்திருந்தால் இன்னும் ஆறு பிஎஸ்ஐ போயிருக்கும்.

உடனே பிரேக் போடவில்லை. 31-ல் டயர் தாங்கும் என்பதால், வளைவுகளைக் கடந்து நேரான இடத்தில், சாலையோரம் அகலமாகவும் கெட்டியாகவும் இருக்கும் இடம் வரை மெதுவாகப் போனார்கள். டயர் முழுக்கப் படுத்திருந்தால் இந்த சலுகை கிடையாது. காற்றில்லாத டயரில் சில நூறு மீட்டர் உருட்டினாலே பக்கச்சுவர் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் நசுங்கி உள்ளே பிய்ந்துவிடும்; அதற்குப் பிறகு ஓட்டையை அடைத்தும் புண்ணியமில்லை.

ஹசார்ட் விளக்கைப் போட்டு, முக்கோணத்தை வளைவுக்கு முன்பாகவே தெரியும்படி வைத்தார்கள். அக்கா இறங்கி, சாலையை விட்டு விலகி மேட்டுப் பக்கம் நின்றார்.

## திருகாணி இருந்த இடம்

காரை அரைச்சுற்று முன்னே உருட்டியதும் தெரிந்தது. தடித்த திருகாணி ஒன்று. அதன் நட்சத்திரத் தலை சாலையில் தேய்ந்து தேய்ந்து வெள்ளிபோல மின்னியது. அன்று ஏறியதாக இருந்தால் அப்படித் தேய்ந்திருக்காது. சாலையில் படும் பரப்பின் கடைசிக் கட்டையில் (ரப்பர் மேட்டில்), வெளி விளிம்பிலிருந்து ஒரு விரல் அகலம் உள்ளே, சாய்வாக இறங்கியிருந்தது. குடிநீரைக் கொஞ்சம் ஊற்றியதும் தலையைச் சுற்றி ஒவ்வொன்றாகக் குமிழி வந்தது.

இடம்தான் சங்கடம். டயரின் நடுப்பரப்பில் 6 மி.மீ. வரையிலான ஓட்டை என்றால் சீலன்ட்டும் கேட்கும், திரியும் கேட்கும், பிறகு கடையில் உள்பக்கமிருந்து ஒட்டு போட்டு நிரந்தரமாகவும் சரிசெய்யலாம். பக்கச்சுவர் என்றால் எதுவும் கேட்காது, இழுவை வண்டிதான். இந்த ஆணி இரண்டுக்கும் இடையே தோளில் இருந்தது. ஓடும்போது ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும் பகுதி அது. அங்கே போடும் அடைப்பு எதுவும் பக்கத்து ஊர் வரை போய்ச்சேரத்தான்.

## ஆணியைப் பிடுங்காமல் நகர்வது

மாமா குறடை எடுத்தார். மருமகன் தடுத்தார். ஓட்டையை இப்போதைக்கு அடைத்துக்கொண்டிருப்பதே அந்த ஆணிதான். பிடுங்கினால் மெதுவாகக் கசிவது சீறிப் பாயும். முதலில் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று அளப்பது என முடிவானது. 36 வரை ஏற்றிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தார்கள். தனி மானியில் ஒன்றரை பிஎஸ்ஐ குறைந்திருந்தது.

முன்னால் சுமார் 60 கி.மீ.யில் டயர் கடை உள்ள ஊர். பின்னால் 25 கி.மீ.யில் ஒரு சிற்றூர். அங்கே கடை இல்லை, ஆனால் கைபேசியில் சிக்னல் இருந்தது. 15 கி.மீ.க்கு ஒருமுறை நின்று காற்றை ஏற்றிக்கொண்டே முன்னால் போவது என்று தேர்ந்தெடுத்தார்கள். அக்கா பின் இருக்கையில் வலப்பக்கம் மாறி உட்கார்ந்தார். கனமான பெட்டிகளும் அந்தப் பக்கம் போயின.

இந்த முடிவில்தான் எனக்கு முழுச் சம்மதமில்லை. நின்ற காரில் அளந்த கசிவு வேறு, ஓடும் டயரின் கசிவு வேறு. தோளில் சாய்வாக நிற்கும் ஆணி சுழற்சிக்குச் சுழற்சி ஆடும், ஓட்டையை அகலமாக்கும். கசிவு அதே வேகத்தில் இருக்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. சிக்னல் இருக்கும் பக்கம் திரும்பியிருந்தால் நேரம் அதிகம் ஆகியிருக்கும், ஆனால் கைவசம் இன்னொரு வழி இருந்திருக்கும்.

## இரண்டாவது நிறுத்தம்

முதல் 15 கி.மீ. கணக்குப்படியே போனது. அடுத்த கட்டத்தின் முடிவில் 36 என்ற எண் சில நிமிடங்களுக்குள் 24-க்கு வந்தது, விளக்கும் எரிந்தது. ஒரு பாலத்தைத் தாண்டி, தட்டையான இடம் பார்த்து நின்றார்கள். முழு இருட்டு.

முதல் வேலையாக உதவி எண்ணை அழைத்தார்கள். பேச்சு அறுந்து அறுந்து போனது, குறுஞ்செய்தி போய்ச்சேர்ந்தது. வண்டி வர மூன்று மணி நேரத்துக்கு மேலாகும் என்று பதில் வந்தது. சரிசெய்யும் முயற்சி எப்படி முடிந்தாலும் அந்த அழைப்பை ரத்து செய்வதில்லை, சில கி.மீ. ஓடிப் பார்த்த பிறகுதான் வேண்டாம் என்று சொல்வது என மாமா உறுதியாக இருந்தார். வரிசை முக்கியம். ஒன்றரை மணி நேரம் ஆணியோடு மல்லுக்கட்டிவிட்டு அதன் பிறகு அழைத்தால், காத்திருப்பு அங்கேதான் தொடங்கும்.

இனி சீலன்ட்டா, திரியா? சீலன்ட் சுலபம். பாட்டிலைப் பொருத்தி பம்பைத் தட்டிவிட்டால் வேலை முடிந்தது. உடனே கிளம்பிச் சில கி.மீ. ஓட்டி, திரவம் உள்ளே பரவியதும் அழுத்தத்தை மறுபடி பார்க்க வேண்டும்; 80 கி.மீ. வேகத்தைத் தாண்டக்கூடாது. ஆனால் பாட்டில் ஒன்றுதான், ஒருமுறைதான். தோளில் உள்ள அகன்ற ஓட்டையில் அது நிற்காமல் போனால், டயருக்குள் பசைத்தண்ணீர் நிறைந்திருக்கும். அதற்குப் பிறகு திரி ஏற்றுவது வழுக்கலில் நடக்கும் வேலை. திரி தோற்றால் சீலன்ட் இன்னும் கையில் இருக்கும். சீலன்ட் தோற்றால் திரியின் வாய்ப்பும் குறையும். அதனால் திரி முதலில். எனக்கு இதில் மறுப்பில்லை.

பின் சக்கரம் என்பதால் ஸ்டியரிங்கை ஒடித்து டயரை வெளியே காட்ட முடியாது. காரை அங்குலம் அங்குலமாக உருட்டி, ஆணி பின்பக்கமாகப் பார்த்து, கை போகும் உயரத்தில் நிற்கும்படி நிறுத்தி, கைபிரேக்கை இழுத்து, எதிர்ச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்தார்கள். சக்கரத்தைக் கழற்றவில்லை.

ஆணியைப் பிடுங்காமல் இடப்பக்கமாகத் திருகி எடுத்தார் மருமகன். மாமா பக்கத்திலிருந்து விளக்கைக் காட்டி, ஆணி எந்தக் கோணத்தில் வெளியே வந்தது என்று கவனித்துக்கொண்டார். காற்று சீறியது. அரம் உள்ளே போய் மேலும் கீழும் சில முறை தேய்த்தது. பசை தடவிய முதல் திரியை நேராகத் தள்ளினார். கம்பியை இழுத்தபோது திரியும் கூடவே வந்துவிட்டது. ஓட்டை சாய்வு, திரி போனது நேர்.

“அது உள்பக்கமா சாஞ்சில்ல இருந்துச்சு? கைய இன்னும் கொஞ்சம் தாழ்த்துடா.”

இரண்டாவது திரி அந்தக் கோணத்திலேயே போனது. வெளியே ஒன்றரை செ.மீ. வால் மிஞ்சும்வரை தள்ளி, கம்பியை ஒரே வெட்டாக இழுத்தார். தண்ணீர் ஊற்றினால் ஓரத்தில் நுரை. ஒரே ஓட்டையில் பக்கத்திலேயே இன்னொரு திரி ஏறிய பிறகு நுரை நின்றது. வாலைச் சில மி.மீ. விட்டு வெட்டினார்கள்.

இதற்குள் அழுத்தம் 8-க்கு வந்திருந்தது. இன்னும் இறங்கி டயரின் உதடு ரிம்மை விட்டு விலகியிருந்தால், அந்தச் சின்ன பம்பால் அதை மறுபடி உட்கார வைத்திருக்கவே முடியாது. ஜாக்கி போட்டு எடையைத் தூக்கியிருந்தால் இந்த அபாயம் குறைந்திருக்கும். வைத்திருந்தார்கள்தான்; ஆனால் ஓர மண் இளகியிருந்தது, அடியில் வைக்கப் பலகை இல்லை. பம்பை இரண்டு தவணையாக, இடையில் ஆறவிட்டு ஓட்டினார்கள். 35.

## ஊர் வரை

40 கி.மீ. வேகத்தில் கிளம்பி, 5 கி.மீ.யில் நின்று பார்த்தார்கள். 35 அப்படியே. புறங்கையால் நான்கு டயரையும் தொட்டுச் சூடு ஒன்றுபோல இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். பிறகுதான் இழுவை வண்டியை வேண்டாம் என்றார்கள். மீதித் தூரம் எதுவும் நடக்கவில்லை.

காலையில் கடையில் டயரைக் கழற்றினார்கள். உள்பக்கம் சுத்தமாக இருந்தது. காற்றில்லாமல் ஓட்டிய டயருக்குள் மிளகுத்தூள் போல ரப்பர் துகள் கொட்டிக்கிடக்கும், பக்கச்சுவரில் கறுத்த வளையம் விழுந்திருக்கும். இதில் இரண்டும் இல்லை. இரண்டு திரிகளும் மூன்று, நான்கு மி.மீ. உள்ளே நீட்டிக்கொண்டிருந்தன. கடைக்காரர் ஓட்டையின் இடத்தைப் பார்த்துவிட்டு ஒட்டு போட மறுத்தார்; தோளில் ஒட்டு போடக்கூடாது என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். டயர் மாற்ற வேண்டும்.

யாரும் யோசிக்காத சிக்கல் இங்கேதான் வந்தது. அந்த அளவு டயர் கடையில் இல்லை. பக்கத்துக் கடைகளிலும் இல்லை. அதிகம் ஓடாத அளவு அது. வரவழைக்க ஒரு முழு நாள். இரவெல்லாம் கச்சிதமாக வேலை செய்தவர்கள், மறுநாள் முழுக்கக் காரில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு டயர் மட்டும் மாற்றினார்கள். மற்றவற்றில் கட்டை பாதிக்கு மேல் இருந்தது, கார் முன்சக்கர இழுவை என்பதால் அது போதும். நான்கு சக்கரமும் இழுக்கும் காரில் விட்டத்தில் சின்ன வித்தியாசம்கூட கியர் பாகங்களைத் தேய்க்கும். அங்கே இந்தச் சலுகை இருக்காது.

## என்ன மாறியது

நெடும்பயணத்துக்கு மட்டும் ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி ஒன்றை டிக்கியில் கட்டிப் போடுவது என்று மாமா முடிவு செய்தார். வாங்கும்போது நட்டு எண்ணிக்கை, நட்டுகளுக்கு இடையிலான தூரம், நடுத்துளை, மொத்த விட்டம் நான்கும் பொருந்துகின்றனவா, பிரேக்கில் இடிக்காமல் உட்காருகிறதா என்று காரில் மாட்டியே பார்த்தார்கள். இந்த வகைச் சக்கரத்துக்கு வழக்கமாக 60 பிஎஸ்ஐ வேண்டும். சாதாரண டயரின் அளவை நினைத்து 33 வைத்தால் போதாது. இதிலும் வேக வரம்பு 80. கட்டாமல் டிக்கியில் உருளவிடுவது, மோதலில் பின் இருக்கைக்காரருக்கு ஆபத்து.

கிட்டில் சேர்ந்தவை: ஜாக்கிக்கு அடியில் வைக்கத் தடித்த பலகைத் துண்டு, வால்வு திருகும் சின்னக் கருவி, கூடுதல் திரிகள். டயர் அளவும் இழுவைக் கொக்கி மாட்டும் இடமும் எழுதிய தாள் டிக்கியில் இருக்கிறது. போகும் வழியில் அந்த அளவு எங்கே கிடைக்கும் என்று கிளம்பும் முன்பே இரண்டு கடைகளில் விசாரித்து அதிலேயே குறித்துக்கொள்கிறார்கள்.

புறப்படும் காலையில் நான்கு டயரையும் சுற்றிப் பார்ப்பது மருமகனின் பொறுப்பாகியிருக்கிறது. தேய்ந்து மின்னிய அந்தத் தலையை வைத்துப் பார்த்தால், திருகாணி பயணத்துக்கு முன்பே ஏறியிருக்க வாய்ப்பு உண்டு. காரை அரைச்சுற்று உருட்டிப் பார்த்திருந்தால் வீட்டிலேயே அது அகப்பட்டிருக்கும். டயர் அப்போதும் தப்பியிருக்காது, இரவு தப்பியிருக்கும்.